கே40 லேசர்: வலது முன்மூலையில 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டுதில்லை. போட் மாத்தவோ, கண்ணாடி திருத்தவோ?

கோண்டாவில்_கேடயம்:
எல்லாருக்கும் வணக்கம். 40 வாற் எண்டு விக்கிற கே40 சிஓ2 லேசர். கேடயம், பெயர்ப்பலகை, கலியாண அட்டை வெட்டுற வேலை. பின் இடது மூலையில 3 மி.மீ. அக்ரிலிக் 10 மில்லி அம்பியர், வினாடிக்கு 8 மி.மீ. வேகத்தில ஒரே ஓட்டத்தில கழண்டு விழுது. அதே அமைப்பில வலது முன்மூலையில அரைவாசி ஆழம்தான் போகுது, வெட்டு விளிம்பும் சரிவா இருக்கு. மத்தியானம் தாண்டினால் எல்லா இடத்திலும் பலம் குறையுது. உள்ளுக்கு லேசரையும் மோட்டரையும் ஓட்டுறது எம்2 நானோ எண்ட கட்டுப்பாட்டு போட். லைட்பேர்ன் மென்பொருள் பாவிக்கலாம் எண்டு ஒரு இஎஸ்பி32 போட் எடுத்து வச்சிருக்கிறன். அதை மாத்தினால் இதுகளும் சரிவருமோ? தண்ணி 10 லீற்றர் வாளி, கிணத்துத் தண்ணி.

ஒளிப்பாதை:
தம்பி, இப்போதைக்கு இஎஸ்பி32ஐத் தொடாதேங்கோ. நீங்கள் எழுதினதில ரெண்டு பழுது தனித்தனியா இருக்கு. மூலைக்கு மூலை வித்தியாசம் கதிர் போற பாதையில. மத்தியானப் பலக்குறைவு தண்ணியில. ரெண்டையும் எந்த போட்டும் திருத்தாது. கதிர் கோணலா இருக்கேக்க போட்டை மாத்தினால், பேந்து வெட்டாத நேரம் பிழை அமைப்பிலயோ கண்ணாடியிலயோ எண்டு பிரிச்சறிய வழியில்லாமல் போயிடும்.

கதிர் 10.6 மைக்ரோமீற்றர், கண்ணுக்குத் தெரியாது. 10600 நானோமீற்றர் எண்டு அச்சிட்ட கண்காப்பு இல்லாமல் மூடியைத் திறந்து ரெஸ்ட் பட்டனை அமத்தாதேங்கோ. டயோட் லேசரோட வாற பச்சைக் கண்காப்பு இதுக்குரியதில்லை. மற்றது, சோதனைக்கு லேசர் எரியத் தொடங்கிற ஆகக் குறைஞ்ச அளவு காணும், 4 அல்லது 5 மில்லி அம்பியர், ரெஸ்ட் பட்டனில ஒரு சின்னத் தட்டு.

பாதை இப்பிடி: ரியூபில (கதிர் உண்டாகிற கண்ணாடிக் குழாய்) இருந்து வாற கதிர் பின் இடது மூலையில 1ஆம் கண்ணாடியில பட்டு முன்பக்கம் திரும்புது. தலை இடமும் வலமும் ஓடுற எக்ஸ் ரெயிலின்ர இடது முனையில இருக்கிற 2ஆம் கண்ணாடி அதை வலப்பக்கம் திருப்புது. தலையில இருக்கிற 3ஆம் கண்ணாடி கீழ லென்சுக்கு இறக்குது.

மாஸ்கிங் ரேப்பைக் கண்ணாடியில நேர ஒட்டாமல் அதின்ர சட்டத்துக்குக் குறுக்கா ஒட்டுங்கோ. கண்ணாடியில ஒட்டினால் எரிஞ்ச பசைப் புகை அப்பிடியே பூச்சில படிஞ்சு அந்த இடம் சூடேறி வெடிக்கும். 2ஆம் கண்ணாடிக்கு முன்னால ரேப் ஒட்டி, ரெயிலைப் பின்பக்கம் முழுக்கத் தள்ளி ஒரு தட்டு. பேந்து முன்பக்கம் முழுக்க இழுத்து இன்னொரு தட்டு. ரெண்டு புள்ளியும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழவேணும். விழாட்டி 1ஆம் கண்ணாடியின்ர திருகாணியைத் திருப்பி, தூரத்துப் புள்ளியைக் கிட்டப் புள்ளி இருக்கிற இடத்துக்குக் கொண்டு வரவேணும். கன பேர் விடுற பிழை இதிலதான்: ரேப்பின்ர நடுவுக்குக் கொண்டுவரப் பாக்கினம். திருகாணி கோணத்தை மட்டும்தான் மாத்தும். கிட்டப் புள்ளி நடுவில இல்லாட்டி அது கோணப் பிழையில்லை, ரியூபோ கண்ணாடித் தாங்கியோ இருக்கிற இடத்தின்ர பிழை. அதைத் திருகாணியால இழுத்தால் ஒரு மூலை சரிவரும், மற்றது கெடும். உங்கட இயந்திரத்தில நடந்திருக்கிறது அதுவாத்தான் இருக்கும்.

எவ்வளவு மெல்லத் திருப்பவேணும் எண்டதுக்கு ஒரு கணக்கு. கண்ணாடி கால் பாகை திரும்பினால் கதிர் அரைப் பாகை திரும்பும். அது 300 மி.மீ. தள்ளி 2.6 மி.மீ. நகர்வு. அதால ஒருமுறைக்குத் திருகாணியின்ர எட்டிலொரு சுத்துக்கு மேல வேண்டாம்.

1ஆம் கண்ணாடி முடிஞ்ச பிறகுதான் 2ஆம் கண்ணாடி. ரேப்பைத் தலையின்ர ஓட்டையில ஒட்டித் தலையை இடமும் வலமும் ஓட்டிப் பாருங்கோ, விதி அதேதான். கடைசியா நாலு மூலையிலும் ஒரே ரேப்பில தட்டுங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் எண்டால் 1ஆம் கண்ணாடி, இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் எண்டால் 2ஆம் கண்ணாடி. நாலையும் ஒண்டு சேர்த்த படத்தை இதில போடுங்கோ, 3ஆம் கண்ணாடியைப் பேந்து பாப்பம்.

சுன்னாகம்_சேர்க்கிற்:
மேலே சொன்னதோடு ஒன்று. கண்ணாடி திருத்தத் தொடங்குமுன் ரெயில் சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ரெயிலைப் பின்பக்கம் முட்டத் தள்ளி இரு முனைகளிலும் இடைவெளியை அளந்தால் போதும். 1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் ரெயிலை முன்னும் பின்னும் இழுக்கும் வை பெல்ட் ஒரு பக்கம் பல் தாண்டியிருக்கலாம். இன்னொரு அடையாளம்: தலை இரு முனைகளிலும் நிற்கும்போது புள்ளி ஒரே இடத்தில், நடுவில் நிற்கும்போது மட்டும் விலகல் என்றால் அது ரெயில் வளைவு. நேர்கோட்டில் போகும் கதிருக்கு அப்படி நடக்காது. அதைக் கண்ணாடியால் திருத்த முடியாது.

வாடைக்காற்று:
தண்ணிக் கதைக்கு வாறன். கிணத்துத் தண்ணியை இண்டைக்கே ஊத்திப் போடுங்கோ. வலிகாமத்தில எங்க தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற தண்ணிதான், கல்சியம் கனக்க. அது ரியூபின்ர உள்குழாயில வெள்ளைப் படையாப் பிடிச்சால் சூடு வெளிய வராது. அதைவிட மோசம், உப்புள்ள தண்ணி மின்னைக் கடத்தும். ரியூபுக்கு 15,000 வோல்றுக்கு மேல போகுது. தண்ணிக்குள்ளால கசியத் தொடங்கினால் மீற்றரில மில்லி அம்பியர் காட்டும், வெட்டு இராது. வாளிக்குள்ள கை வைக்கிறவருக்கும் ஆபத்து. கூரையால பிடிச்ச மழைத்தண்ணியும் சரிவராது, தூசும் கடலுப்பும் சேர்ந்துதான் வரும்.

காய்ச்சி வடிச்ச தண்ணி போடுங்கோ. கடையில பற்றரித் தண்ணி எண்டு கேட்டால் தருவினம். அசிட் கலந்த போத்தலை மாறி எடுத்திடாதேங்கோ. நிழலான, வெளிச்சம் புகாத கான் எண்டால் பாசி பிடிக்காது.

10 லீற்றர் ஏன் காணாது எண்டால், 40 வாற் ரியூப் ஒண்டு எரியேக்க 200 வாற்றுக்கு மேல சூடாத் தண்ணிக்குள்ள போகுது. 10 லீற்றர் தண்ணி 3 நிமிசத்துக்கு ஏறக்குறைய 1 பாகை ஏறும், 20 லீற்றர் எண்டால் 6 நிமிசத்துக்கு 1 பாகை. காலமை 28 பாகையில தொடங்கிற தண்ணி மத்தியானம் 36 பாகையில நிண்டால் பலம் குறையத்தான் செய்யும்.

பனைவேலை:
அப்ப ஐஸ் போத்தல் போடலாம் தானே? வெளிநாட்டு ஆக்கள் 18 பாகையில வைக்கச் சொல்லுகினம்.

வாடைக்காற்று:
அக்கா, அந்த 18 பாகை இஞ்ச ரியூபைச் சாக்கொல்லும். அவையின்ர அறைக் காத்து காய்ஞ்சது. இஞ்ச 31 பாகை, 75 வீத ஈரப்பதம் எண்டால் 26 பாகையிலயே காத்து வேர்க்கத் தொடங்கும். 80 வீதம் எண்டால் 27. அதுக்குக் கீழ தண்ணியை ஓடவிட்டால் ரியூபின்ர வெளிக்கண்ணாடியில பனி பிடிக்கும். சிவப்பு உயர் அழுத்த வயர் சேருற முனையில ஒரு துளி ஈரம் இருந்தால் பொறி அடிக்கும். சிலிக்கோன் மூடி கருகும், பேந்து பவர் சப்ளையின்ர ரான்ஸ்போமரும் போகும். கதிர் வெளிய வாற முனையில ஈரம் படிஞ்சால் அந்தக் கண்ணாடி வெடிக்கும்.

ஐஸ் போத்தலில கூடாத விசயம் என்னெண்டால் எவ்வளவு இறங்குது எண்டு உங்கட கையில இல்லை. சிடபிள்யூ-5200 மாதிரிக் கொம்பிரசர் உள்ள சில்லர் (தண்ணி குளிராக்கிற பெட்டி) இருந்தால் 28 பாகையில வையுங்கோ. சிடபிள்யூ-3000க்குக் கொம்பிரசர் இல்லை, விசிறியும் ரேடியேற்றரும்தான். அது அறைச் சூட்டுக்குக் கீழ தண்ணியைக் கொண்டுபோகாது. சில்லர் இல்லாட்டி 40 லீற்றர் கான், கார் ரேடியேற்றர் ஒண்டு, விசிறி ஒண்டு. 32 பாகை தாண்டினால் வேலையை நிப்பாட்டுங்கோ.

ஏசி அறையெண்டால் கணக்கு வேற. 26 பாகை, 55 வீதத்தில 16 பாகைக்குக் கிட்டத்தான் பனி பிடிக்கும், 20 பாகைத் தண்ணி பயமில்லை. ஆனால் ஏசியை நிப்பாட்டிக் கதவைத் திறக்கிற நேரம் தண்ணி இன்னும் குளிராத்தான் இருக்கும், வெளிக்காத்து வந்து ரியூபில படியும். வாடை வீசிற கார்த்திகை, மார்கழியில இதைக் கட்டாயம் பாக்கவேணும். 1 ஈரப்பத மீற்றரை மிசினுக்குப் பக்கத்தில ஒட்டி வைக்கிறது ரியூப் விலையோட பாக்கேக்க ஒரு செலவே இல்லை.

கோண்டாவில்_கேடயம்:
நன்றி அண்ணை. ரெயில் சதுரம் பாத்தன், சரியா இருக்கு. முதல் பாத்தபோது 2ஆம் கண்ணாடியில தூரத்துப் புள்ளி 4 மி.மீ. கீழ. இப்ப நாலு மூலையும் ஒரே புள்ளி. ஆனால் தலை ஓட்டையின்ர நடுவில இல்லை, 2 மி.மீ. மேல நிக்குது. பற்றரித் தண்ணி 20 லீற்றர் போட்டாச்சு. வலது முன்மூலை இப்ப வெட்டுது, விளிம்புச் சரிவு மட்டும் எல்லா இடத்திலும் இருக்கு.

ஒளிப்பாதை:
நல்லது. இனித் திருகாணி எதையும் தொடாதேங்கோ. நாலு புள்ளியும் ஒண்டு சேர்ந்து நடுவுக்கு மேல எண்டால் கதிர் ரெயிலுக்குச் சமாந்தரமாப் போகுது, உயரம் மட்டும்தான் பிழை. ரியூபை ரெண்டு பிடியிலும் 2 மி.மீ. பதிக்கவேணும், அல்லது தலைத் தட்டை வொஷர் போட்டு 2 மி.மீ. உயர்த்தவேணும். தலையை உயர்த்திறது லேசு, ரியூபைத் தொடத் தேவையில்லை. நடுவுக்கு முன்னுக்கோ பின்னுக்கோ எண்டால் 2ஆம் கண்ணாடித் தாங்கியை எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்கவேணும்.

உயரப் பிழைக்கும் உங்கட சரிவு விளிம்புக்கும் தொடர்பிருக்கு. 3ஆம் கண்ணாடி 45 பாகையில நிக்குது, கதிர் 2 மி.மீ. மேல பட்டால் லென்சிலயும் நடுவை விட்டு 2 மி.மீ. பக்கவாட்டில இறங்கும். கே40 லென்ஸ் 12 மி.மீ. விட்டம், கதிர் 5 மி.மீ. அளவு. ஓரத்தால போற கதிரை லென்ஸ் நடுவுக்கு வளைக்கும், அது சாய்ஞ்சுதான் அக்ரிலிக்குக்குள்ள இறங்கும்.

உயரம் சரிசெய்த பிறகு 3ஆம் கண்ணாடி. லென்சைக் கழட்டிப் போட்டுப் படுக்கையில ரேப் ஒட்டின பலகைத் துண்டொண்டை வச்சு ஒரு தட்டு, பேந்து அதே துண்டை 50 மி.மீ. உயர்த்தி இன்னொரு தட்டு. ரெண்டும் ஒரே இடம் எண்டால் கதிர் செங்குத்து. பிறகு லென்சைப் போடேக்க குவிந்த பக்கம் மேல, தட்டைப் பக்கம் கீழ. கன இயந்திரம் மாறிப் போட்டபடி வருது. தலைகீழாப் போட்டாலும் வெட்டும், புள்ளி மட்டும் அகலும். ஜன்னல் வெளிச்சத்தின்ர பிரதிபலிப்பை ரெண்டு பக்கத்திலும் பாத்தால் எது குவிஞ்சதெண்டு தெரியும்.

லென்ஸ் துத்தநாக செலினைட், மஞ்சள் நிறம். உடைஞ்சால் நச்சுத்தூள், வெறுங்கையால தொடாதேங்கோ, கூட்டி அள்ளாதேங்கோ. ஈரத் துணியால ஒத்தி எடுத்துப் போத்தலில மூடுங்கோ. துடைக்க 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல், பஞ்சு முனையை உருட்டி ஒரே வீச்சு. காய்ஞ்ச துணியால தேய்ச்சால் பூச்சுக் கீறும்.

குவியத்துக்கு: பலகைத் துண்டொண்டைச் சாய்வா வச்சுக் கோடு வரையுங்கோ, ஆக மெல்லிசா இருக்கிற இடம்தான் குவிய உயரம். 50.8 மி.மீ. லென்சுக்குக் கோடு 0.14 மி.மீ. அளவுக்கு மெலியும். 3 மி.மீ. அக்ரிலிக்குக்கு மேற்பரப்பில இல்லாமல் 1.5 மி.மீ. உள்ள குவியம் விழ வைச்சால் சுவர் நேரா வரும்.

கோண்டாவில்_கேடயம்:
தலையை 2 மி.மீ. உயர்த்தினன், லென்ஸ் தலைகீழாத்தான் இருந்தது. இப்ப 10 மில்லி அம்பியரில வினாடிக்கு 10 மி.மீ. போகுது, சுவரும் நேர். இனி போட் மாத்தலாமோ?

சுன்னாகம்_சேர்க்கிற்:
மாற்றலாம். எம்2 நானோவில் வெட்டு மட்டும் என்றால் கே40 விஸ்பரர், மீர்கே40ரி இரண்டும் இலவச மென்பொருள், போதும். மாற்றுவதற்கு நியாயமான காரணம், அந்த போட்டில் மென்பொருள் வழியாகப் பலத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, குமிழ்தான். புகைப்படம் செதுக்கவும் ஒரே கோப்பில் வெட்டும் கோடும் சேர்க்கவும் அது தடை. லைட்பேர்ன் எம்2 நானோவோடு பேசாது.

முதலில் எர்த். மல்ரிமீற்றரில் இயந்திர உடலுக்கும் பிளக்கின் எர்த் முனைக்கும் 1 ஓமுக்குக் குறைய இருக்க வேண்டும். அது உள்வயரை மட்டும் காட்டும், வீட்டு எர்த் கம்பியைக் காட்டாது. எங்கள் பக்கத்தில் சில அடியிலேயே பாறை தட்டிக் கம்பி இறங்காத வளவுகள் நிறைய. எர்த் ரெஸ்ரர் வைத்திருக்கும் மின்வேலையாளைக் கூப்பிட்டு அளவுங்கள். எர்த் இல்லாத இயந்திரத்தில் உயர் அழுத்தம் கசிந்தால் முதலில் போவது புதிய போட்டின் யூஎஸ்பி, அடுத்தது கொம்பியூட்டர், அதற்குள் கை வைத்தவருக்கும் அடி.

கழற்றும்போது பிளக்கை இழுத்துவிட்டு ரியூபின் சிவப்பு வயர்ப் பக்கம் போகாதீர்கள். கீழ் அழுத்தப் பக்கத்தில் மட்டும் வேலை. பவர் சப்ளையில் தேவையான முனைகள்: நில முனை, "இன்", 5 வோல்ற், "எல்", தண்ணிக் காப்புக்கான "பி". எல் முனை நிலத்தோடு சேர்ந்தால் லேசர் எரியும். இன் முனையில் 0 முதல் 5 வோல்ற் வரை பலத்தைத் தீர்மானிக்கும்.

கவனிக்க வேண்டியது: இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ற். அதை நேரே இன் முனைக்குக் கொடுத்தால் 66 வீதத்துக்கு மேல் பலம் வராது, "போட் மாத்தினதும் வெட்டுதில்லை" என்று தேடி அலைவீர்கள். 74எச்சிரி125 சிப் ஒன்றை வைத்து 5 வோல்றுக்கு ஏற்றலாம். நான் சொல்வது வேறு வழி. குமிழை இன் முனையிலேயே விடுங்கள், அது உச்சவரம்பு. பல்ஸ் அகலக் கட்டுப்பாட்டை (லேசரை வேகமாக எரித்து அணைத்துப் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) எல் முனையில் 2என்7000 மொஸ்ஃபெற் ஒன்றால் கொடுங்கள்: ட்ரெயின் எல்லுக்கு, சோர்ஸ் நிலத்துக்கு, கேற் இஎஸ்பி32க்கு 220 ஓம் வழியாக. கேற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் 10 கிலோ ஓம் கட்டாயம். போட் தொடங்கும் அந்தக் கணம் இஎஸ்பி32இன் கால்கள் (இணைப்பு முனைகள்) எந்த நிலையிலும் நிற்காமல் மிதக்கும். இந்த மின்தடை இல்லாவிட்டால் சுவிச்சைப் போட்டவுடன் லேசர் சீறும். கால் 5, 14, 15 மூன்றும் தொடக்கத்தில் தாமாகவே உயரும், அவற்றை எடுக்காதீர்கள். 26 அல்லது 27 நல்லது.

எல் வழி என்றால் பல்ஸ் மீடிறன் 2,500 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. 20,000க்கு ஏற்றினால் பவர் சப்ளை ஒவ்வொரு பல்சையும் தொடர முடியாமல் மங்கல் பகுதிகள் விழாமல் போகும்.

கே40 பவர் சப்ளையின் 24 வோல்ற் பக்கம் 1 அம்பியர்தான். இரண்டு மோட்டருக்கு அது மட்டுமட்டு, வேகமாகச் செதுக்கும்போது படி தவறும். தனி 24 வோல்ற் 5 அம்பியர் சப்ளை ஒன்று போட்டு நில வயர்களை ஒன்றாக இணையுங்கள். மோட்டர் டிரைவருக்கு ரிஎம்சி2209 சத்தம் குறைவு. எக்ஸ் மோட்டரும் லிமிற் சென்சரும் தட்டை றிபன் கேபிளில் வரும் மொடல் என்றால் பிரித்தெடுக்கும் சின்ன போட் தேவை. அந்த ஒளிச் சென்சர் 5 வோல்றில் ஓடும், வெளியீட்டை 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் பிரிப்பான் வழியாக 3.3க்கு இறக்கித்தான் இஎஸ்பி32க்குக் கொடுக்க வேண்டும்.

மூடிச் சுவிச், தண்ணி ஓட்டச் சுவிச் இரண்டையும் தொடராகப் பி முனைக்கும் நிலத்துக்கும் இடையில். மென்பொருளுக்கு விடாதீர்கள், மென்பொருள் தொங்கினாலும் இது லேசரை நிறுத்தும்.

இஎஸ்பி32இல் ஓடும் ஃபுளூயிட்என்சி மென்பொருளை ஏற்றிய பிறகு: 16 நுண்படியில் (மோட்டரின் ஒரு படியை 16ஆகப் பிரித்து) எக்ஸ், வை இரண்டுக்கும் மில்லிமீற்றருக்கு 157.48 படி தொடக்க எண். 200 மி.மீ. கோடு வரைந்து அளவுங்கள். 199.2 வந்தால் 157.48ஐ 200ஆல் பெருக்கி 199.2ஆல் வகுத்து 158.11. இரண்டு அச்சும் தனித்தனியாக. லைட்பேர்னில் எஸ் (பலத்தைச் சொல்லும் எண்) உச்சம் 1000, ஃபுளூயிட்என்சியிலும் 1000 நூறு வீதம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பலம் பாதியாகவோ எப்போதும் முழுதாகவோ இருக்கும். எம்4 முறையில் ஓடவிடுங்கள்: மூலையில் வேகம் குறையும்போது பலமும் குறையும், அக்ரிலிக் மூலை கருகாது. எம்3 அப்படிச் செய்யாது.

பனைவேலை:
இதே மாதிரி மாத்தின இயந்திரத்தில பனங்கட்டையில பெயர் செதுக்கேக்க கறுப்பு நார் இருக்கிற இடம் ஆழமில்லாமலும் நடுவில இருக்கிற மென்சோறு கருகியும் வருது. வேகம் கூட்டினாலும் அதேதான்.

ஒளிப்பாதை:
நாரின்ர அடர்த்தியும் சோத்தின்ர அடர்த்தியும் வேற, ஒரே ஓட்டத்தில ரெண்டையும் சமன் செய்ய ஏலாது. பலத்தை அரைவாசியாக்கி ரெண்டு ஓட்டம் விடுங்கோ, காத்து ஊதலைக் கூட்டுங்கோ. கோடு நாருக்குக் குறுக்கா ஓடவேணும். நாரின்ர நீளவாக்கில ஓடினால் ஒரு கோடு முழுக்க நாரில, அடுத்தது முழுக்கச் சோத்தில விழுந்து வரிவரியாத் தெரியும். பலகையில மெல்லிய மாஸ்கிங் ரேப் ஒட்டிச் செதுக்கினால் புகைக்கறை ரேப்போட உரிஞ்சு வரும்.

சேர்ந்து ஒண்டு: பெயர்ப்பலகைக் கடையில இருந்து வாற துண்டுகளில பிவிசி போம் போட்டும் வைனைல் ஸ்டிக்கரும் கலந்திருக்கும். லேசரில போட்டால் ஐதரசன் குளோரைட் வரும். நெஞ்சுக்கும் கெடுதி, ரெயில் கெதியாத் துருப்பிடிக்கும், லென்சும் பழுதாகும். சந்தேகமான துண்டைச் செம்புக் கம்பியைச் சூடாக்கி அதில தொட்டுத் திரும்ப நெருப்பில பிடியுங்கோ. பச்சைச் சுவாலை வந்தால் குளோரின் இருக்கு, போடாதேங்கோ.

கோண்டாவில்_கேடயம்:
போட் மாத்தியாச்சு. சுவிச்சைப் போடேக்க லேசர் எரியேல்லை, அளவும் சரி. வெட்டு வடிவா இருக்கு. வினாடிக்கு 300 மி.மீ. வேகத்தில எழுத்துச் செதுக்கினால் மட்டும் நிலைக்கோடு பல்லுப் பல்லா வருது, ஒரு வரி வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம். 100இல குறைவு.

சுன்னாகம்_சேர்க்கிற்:
வேகத்தோடு கூடுகிறது என்றால் பெல்ட் தளர்வு முதன்மைக் காரணமில்லை. தளர்வு எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். இது ரியூப் பற்றி எரிய எடுக்கும் தாமதம். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் பிந்தி எரிகிறது. லைட்பேர்னின் சாதன அமைப்பில் வருடல் விலகல் அட்டவணை இருக்கிறது. 100, 200, 300 மூன்று வேகத்திலும் சின்னச் சதுரம் செதுக்கி, அடுத்தடுத்த வரிகளின் விலகலை உருப்பெருக்கியால் அளவுங்கள். 300இல் விலகல் 0.3 மி.மீ. என்றால் அட்டவணையில் 300க்கு எதிரே அதன் பாதி, 0.15. இன்னும் மோசமானால் குறியை மாற்றி மைனஸ் போடுங்கள். இடைப்பட்ட வேகங்களுக்கு மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும். வரி முனையில் வேகம் எடுக்க இடம் விடும் ஓவர்ஸ்கானையும் போட்டுவிட்டு அளவுங்கள், இல்லாவிட்டால் முனைக் கருகலும் இந்த விலகலும் கலந்து தெரியும். பெல்ட்டை இறுக்கினாலும் பவர் சப்ளையை மாற்றினாலும் அட்டவணையை மறுபடி அளக்க வேண்டும்.

கோண்டாவில்_கேடயம்:
300க்கு 0.14, 200க்கு 0.09, 100க்கு 0.05 போட்டன். எழுத்து நேராயிட்டுது. கான் இப்ப 40 லீற்றர், மத்தியானம் 2 மணிக்கு 31 பாகை. ஈரப்பத மீற்றரும் ஒட்டியாச்சு.

வாடைக்காற்று:
31இல மீற்றரில 12 மில்லி அம்பியருக்கு மேல ஏத்தாதேங்கோ தம்பி. பின்னேரம் 29க்கு இறங்கின பிறகு தடிப்பான வெட்டை வையுங்கோ. ரேடியேற்றருக்கு விசிறி பூட்டினதும் எத்தனை பாகை இறங்கிச்சு எண்டு இதிலயே எழுதிவிடுங்கோ, சோளகம் வீசேக்க இதே அளவு விசிறி காணுமோ எண்டு கணக்குப் பாக்கலாம்.